இரும்பு இரண்டும் இரும்பு மூன்றும்

பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பகுத்தனர் தமிழிலக்கண நூலார். மரம் என்பது இடுகுறி. பறத்தலால் பறவை என்பது காரணப் பெயர். ஒரு பொருளின் இயல்பு அதன் பெயரிலேயே விளங்குமாயின், கற்பார்க்குப் பாதிச் சுமை குறையும். விளங்காதாயின், அப் பெயரை நெட்டுருப் போடுதலன்றி வேறு வழியில்லை. இலக்கண வகுப்பில் சிறிது பொழுதில் முடிந்துவிடும் இப் பகுப்பு, வேதியியல் வகுப்பில் ஆண்டு முழுதும் வேலை செய்கின்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இடைநிலை மாழைகள் (உலோகங்கள்) என்னும் பாடத்தை எடுத்துக்கொள்க. மேனிலைப் பள்ளி மாணவர் அஞ்சும் பாடங்களுள் அஃது ஒன்று. அணுவில் எதிர்மின்னிகள் அமைந்துள்ள முறை, அவ்வணு மின்னேற்றம் பெற்று அயனியாகும்பொழுது அம்முறை மாறும் வகை, ‘ஆக்சிசனேற்ற நிலை’ என்று சொல்லப்படும் எண் ஆகிய இம் மூன்றும் அப் பாடத்தின் உயிர். இவற்றைக் கரணியம் அறியாமல் ஒப்புவித்து மதிப்பெண் பெறுவோர் பலர்; அறிந்து பெறுவோர் சிலர். இது மாணவர் குற்றமா? அன்று. பொருளை மறைக்கும் பெயர்களைக் கையிற் கொடுத்துவிட்டுப் பொருளைச் சொல்லென்றால் அவர் என் செய்வர்?

இக் குறையையும் இதன் தீர்வையும் ஒரே ஒரு மாழையைக் கொண்டு காட்டிவிடலாம். உழுபடையிலும் உண்ணும் கீரையிலும் ஓடும் குருதியிலும் உள்ள இரும்பே அது.

26 எதிர்மின்னிகளின் கணக்கு

இரும்பின் அணுவெண் 26. அஃதாவது, கருவினுள் 26 நேர்மின்னிகளும், கருவைச் சூழ 26 எதிர்மின்னிகளும் உள்ளன. எதிர்மின்னிகள் கூடு கூடாக அமைந்திருக்கும். முதற் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 14, நான்காவதில் 2, ஆக 26. மூன்றாம் கூட்டிலுள்ள 14-ஐ மேலும் பகுத்தால், எசு உட்கூட்டில் 2, பி உட்கூட்டில் 6, டி உட்கூட்டில் 6 என நிற்கும். எசு, பி, டி என்னும் எழுத்துகளைக் கண்டு மருள வேண்டுவதில்லை. ஒளிமாலையில் தோன்றிய கோடுகளைக் கூர்மையானவை, முதன்மையானவை, பரவலானவை எனப் பழைய ஆய்வாளர் ஆங்கிலத்தில் அழைத்தனர். அச் சொற்களின் முதலெழுத்துகளே இவை. இன்றைக்கு இவை வெறும் இடுகுறிகள். இவ்வொரு செய்தியைச் சொல்லிவிட்டாலே மாணவரின் அச்சம் பாதி நீங்கும்.

டி உட்கூட்டில் ஐந்து இடங்கள் உண்டு. ஓர் இடத்தில் இரண்டு எதிர்மின்னிகள் வரை இருக்கலாம். ஆயின், ஒரே வகை மின்னூட்டமுடையவை ஒன்றையொன்று தள்ளுமாதலின், முதலில் இடத்திற்கு ஒன்றாகவே அமரும். ஐந்திடங்களும் நிரம்பிய பின்னரே ஆறாவது வந்து ஓரிடத்தில் இணையாகச் சேரும். எனவே, இரும்பின் டி உட்கூட்டில் ஓர் இணையும் நான்கு தனியன்களும் உள்ளன.

இரும்பு இரண்டு எதிர்மின்னிகளை இழக்கும்பொழுது, நான்காம் கூட்டிலுள்ள இரண்டையுமே இழக்கின்றது. எஞ்சுவன 24, டி உட்கூட்டின் ஆறும் அப்படியே இருக்கும். இதுவே இரும்பு(2). மேலும் ஒன்றை இழந்தால், நெருக்குண்டு கிடந்த அந்த இணையில் ஒன்று போய்விடும். எஞ்சுவன 23, டி உட்கூட்டின் ஐந்து இடங்களிலும் இடத்திற்கு ஒன்றாக ஐந்து எதிர்மின்னிகள் நிற்கும். இதுவே இரும்பு(3). சரிபாதி நிரம்பிய இவ்வமைப்பு நிலைபேறு மிக்கது.

இதன் உண்மையை அடுத்த வீட்டாரோடு ஒப்பிட்டு அறிக. மாங்கனீசின் அணுவெண் 25. இரண்டு எதிர்மின்னிகளை இழந்த அளவிலேயே அது டி உட்கூட்டில் ஐந்து என்னும் அமைப்பை எய்திவிடுகின்றது. மூன்றாவதைப் பறிக்க வேண்டுமாயின் அவ்வமைப்பைக் கலைத்தாக வேண்டும். அதற்கு ஒரு மோலுக்கு 3248 கிலோசூல் ஆற்றல் வேண்டும். இரும்பினிடத்து மூன்றாவதைப் பறிக்க 2957 கிலோசூல் போதும். அதனாலன்றோ, அமிலங் கலந்த நீரில் மாங்கனீசு(2) அசையாது நிற்க, இரும்பு(2) எளிதில் இரும்பு(3) ஆகிவிடுகின்றது! அணுவெண்ணில் வேறுபாடு ஒன்றே. ஒழுகலாற்றில் வேறுபாடு பெரிது.

நிரம்பும் வரிசையும் இழக்கும் வரிசையும்

இவ்விடத்தில் மாணவர் வழக்கமாக இடறும் கல் ஒன்றுண்டு. நான்காம் கூட்டின் எசு உட்கூடு முன்னர் நிரம்பும், மூன்றாம் கூட்டின் டி உட்கூடு பின்னர் நிரம்பும் என்று பாடம் தொடங்குகின்றது. பொட்டாசியம், கால்சியம் ஆகிய தனிமங்களில் நான்காம் கூடே முந்துகின்றது என்பது உண்மையே. இதை உருப்போட்ட மாணவன், பின்னர் வந்தது முன்னர்ப் போகும் என்று எண்ணி, இரும்பு(2)-க்கு டி உட்கூட்டில் 4, நான்காம் கூட்டில் 2 என எழுதுகின்றான். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுகின்றது. “நான்காம் கூட்டிலிருந்தே முதலில் நீக்க வேண்டும், மறவாதே” என்று இன்னொரு நெட்டுருப் பாடம் அவன் தலையில் ஏற்றப்படுகின்றது. ஏன் என்று சொல்வார் அரியர்.

கரணியம் அரிதன்று. நிரம்பும் வரிசை என்பது ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்திற்குச் செல்லும் செலவு. அதில் ஒவ்வோர் அடியிலும் கருவினுள் ஒரு நேர்மின்னி கூடுகின்றது. கருவின் இழுப்பும் மிகுகின்றது. இழக்கும் வரிசையோ ஒரே அணுவிற்குள் நிகழ்வது. அங்குக் கரு மாறுவதில்லை. இரண்டும் இரு வேறு வழிகள். ஒரு வழியில் சென்றதை மறுவழியில் திருப்பி ஓட்ட முடியாது. அணுவெண் 21 உடைய சுகாண்டியம் தொடங்கி டி உட்கூடு ஆற்றலிற் கீழிறங்கிவிடுகின்றது. அவ்வாறாயின் எல்லா எதிர்மின்னிகளும் அங்கேயே சென்று சேராமைக்குக் கரணியம் என்ன? டி உட்கூடு கருவை ஒட்டிய ஒடுக்கமான இடம். அங்கு ஒன்றையொன்று தள்ளும் நெருக்கம் மிகுதி. ஆகவே இரண்டு, வெளிக் கூட்டில் தங்குகின்றன. வெளியில் தங்கியவை வெளியேறுங்காலத்து முற்படுகின்றன. இவ்வளவே செய்தி. இதை ஒரு முறை விளங்கிக்கொண்ட மாணவன், சுகாண்டியம் முதற் செம்பு வரை உள்ள எந்த மாழையைக் கொடுத்தாலும் இடறமாட்டான்.

வீட்டிலும் தெருவிலும் இரு நிலைகள்

இவ்விரண்டு இரும்புகளும் ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் மட்டும் உள்ளவை அல்ல. சில ஊர்களில் அடிகுழாயில் இறைத்த நீர் தெளிவாக வருகின்றது; குடத்தில் சிறிது பொழுது வைத்தால் செம்மண் கரைத்தாற்போற் கலங்கிவிடுகின்றது. காற்றுப் புகாத நிலத்தடியில் இரும்பு(2) நீரிற் கரைந்து நிறந்தெரியாமல் இருந்தது. மேலே வந்து காற்றிலுள்ள உயிர்வளியைச் சேர்ந்ததும் இரும்பு(3) ஆகிக் கரையாமற் படிகின்றது. துருவின் நிறம் அது.

நாட்டுமருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியைப் பார்க்க. அஃது இரும்பு(2)-இன் கந்தகச் சேர்மம், இளம்பச்சை நிறத்தது. ஈரக் காற்றுப் பட்டால் அதன் மேற்புறம் பழுப்பு மஞ்சளாகும். கடுமையாகப் புடமிட்டால், நீரும் கந்தக வளிகளும் நீங்கி, செந்நிறமான இரும்பு(3)-இன் உயிர்வளிச் சேர்மம் எஞ்சும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமையும் கருஞ்சாயமும் செய்தனர் முன்னோர். கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்த இரும்பு(2) காற்றுப்பட்டு இரும்பு(3) ஆக ஆக, எழுத்துக் கருக்கின்றது. ஓர் எதிர்மின்னியை இழந்தமையால் விளைந்த கருமை அஃது!

குருதியிலோ இவ்வோர் எதிர்மின்னி உயிருக்கே பொறுப்பாகின்றது. குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினில் உள்ளது இரும்பு(2). அதுவே நுரையீரலில் உயிர்வளியை ஏற்று உடலெங்கும் கொண்டு சென்று விடுகின்றது. அவ்விரும்பு மூன்றாம் நிலைக்கு மாறிவிட்டால் உயிர்வளியைச் சுமக்க மாட்டாது. அமெரிக்க நாட்டின் அயோவாவில் காம்லி என்னும் மருத்துவர் 1945-இல், நைத்திரேட்டு மிகுந்த கிணற்று நீரில் கரைத்த பாலை உண்ட பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பூத்துத் துன்புற்றதை எழுதினார். நைத்திரேட்டு குழந்தையின் வயிற்றில் நைத்திரைட்டாக மாறிக் குருதியிலுள்ள இரும்பு(2)-ஐ இரும்பு(3) ஆக்கிவிட்டதே அந்நீல நோயின் கரணியம்.

இந்திய ஒன்றியத்தில் 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிரில் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர். பள்ளிகளில் பெண்பிள்ளைகட்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் உள்ளதும் இரும்பு(2)-இன் சேர்மமே. குடல் எளிதில் ஏற்பது அவ்வடிவையே. நெல்லிக்கனியிலும் எலுமிச்சையிலும் உள்ள உயிர்ச்சத்து, உணவிலுள்ள இரும்பு(3)-ஐ இரும்பு(2) ஆக்கி ஏற்புக்கு உதவுகின்றது. தேநீரின் துவர்ப்புப் பொருளோ இரும்பைப் பற்றிக்கொண்டு விடாமல் தடுக்கின்றது. மாத்திரையை விழுங்கியவுடன் தேநீர் பருகாதே என்பதன் பொருள் இதுவே. இப் பாடத்தை உண்மையாகவே கற்ற பெண், தன் வீட்டாரின் குருதியைக் காக்கும் அறிவையும் உடன் பெற்றுவிடுகின்றாள். நெட்டுருப் போட்டவள் மதிப்பெண் மட்டும் பெறுகின்றாள். இழப்பு எத்துணைப் பெரிது!

எண்ணை மறைத்த ஈறுகள்

இனிப் பெயர்களுக்கு வருவோம். அம்மாத்திரையின் உறையில் ‘பெரசு சல்பேட்டு’ என்று எழுதியிருக்கும். இரும்பு(2) ‘பெரசு’, இரும்பு(3) ‘பெரிக்கு’. இரும்புக்குரிய இலத்தீன் சொல்லாகிய பெர்ரம் என்பதனோடு இரண்டு ஈறுகள் ஒட்டியவை இவை. 1787-இல் இலவாசியே உள்ளிட்ட பிரெஞ்சு அறிஞர் நால்வர் வேதியியற் பெயரிடு முறையொன்றை வெளியிட்டு, அமிலங்கட்கு இத்தகைய ஈறுகளை வகுத்தனர். பின்னர் அவை மாழைகட்கும் பரவின. ஓர் ஈறு தாழ்ந்த நிலையையும் மற்றோர் ஈறு உயர்ந்த நிலையையும் குறிக்கும். தாழ்ந்தது எவ்வளவு, உயர்ந்தது எவ்வளவு என்பதை அவை சொல்லமாட்டா.

இதனால் விளையும் குழப்பத்தைக் காண்க. இரும்பில் ‘பெரசு’ 2, ‘பெரிக்கு’ 3. செம்பில் ‘குப்பிரசு’ 1, ‘குப்பிரிக்கு’ 2. வெள்ளீயத்தில் ‘சுடானசு’ 2, ‘சுடானிக்கு’ 4. ஒரே ஈறு ஓரிடத்தில் ஒன்று, பிறிதோரிடத்தில் இரண்டு. மற்றை ஈறு இரண்டு, மூன்று, நான்கு! இரண்டு முதல் ஏழு வரை பல நிலைகளையுடைய மாங்கனீசுக்கு இரண்டு ஈறுகள் எங்ஙனம் போதும்?

பாதரசத்தில் இக் குழப்பம் நஞ்சாகவே முடியும். ‘மெர்க்குரசு’ குளோரைடு, மேலை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் பேதிக்குக் கொடுத்த பொருள்; ‘மெர்க்குரிக்கு’ குளோரைடு, ஆளைக் கொல்லும் கடுநஞ்சு. இரண்டுக்கும் இடையில் நிற்பது ஓர் ஈறு. சித்த மருத்துவரோ முன்னதைப் பூரம் என்றும் பின்னதை வீரம் என்றும் வெவ்வேறு பெயரால் வழங்கினர். காதால் கேட்டாலும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இயலாது.

இக்குறையை உணர்ந்து திருத்தியவர் தமிழர் அல்லர். செருமன் நாட்டு வேதியியலாளர் ஆல்பிரடு சுடாக்கு. மாழையின் பெயரை அடுத்து அதன் நிலையை எண்ணால் குறித்துவிடுக என்று அவர் 1919-இல் முன்மொழிந்தார். பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 1940ஆம் ஆண்டு நெறிகள் அதனை ஏற்றன. இன்றைய பன்னாட்டுப் பரிந்துரைகள் பழைய ஈறுகளை வேண்டுவதில்லை. அறிவியல் உலகமே இடுகுறியை விட்டுக் காரணப் பெயருக்கு வந்துவிட்டது என்பது இதன் பொருள். இங்கோ, அவர்கள் கழற்றி எறிந்த ஈறுகளைப் பொறுக்கியெடுத்து அணியாகப் பூண்டு திரிவோர் உளர். இரும்பு(2) என்றால் தரக்குறைவு, பெரசு என்றால் அறிவியல் என்று எண்ணும் மயக்கத்தை என்னென்பது!

உயிர்வளி இல்லாத ‘உயிர்வளியேற்றம்’

‘ஆக்சிசனேற்றம்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. ஆக்சிசன் என்னும் பெயர், அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் இலவாசியே 1777-இல் இட்டது. எல்லா அமிலங்களிலும் அவ்வளி உண்டு என்று அவர் கருதினார். உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் அது சிறிதும் இல்லை என்பதை ஆங்கிலேய அறிஞர் தேவி 1810-இல் நிறுவினார். ஆகவே, காரணம் கருதி இட்ட பெயர் காரணம் பொய்த்து இடுகுறியாயிற்று. உயிர்வளி என்னும் தமிழ்ப் பெயருக்கு அவ்விழுக்கு நேரவில்லை.

அப்பெயரினின்று பிறந்த ஆக்சிசனேற்றம் என்னும் சொல் இன்னும் மயக்குவது. இரும்பு(2) கரைசலில் குளோரின் வளியைச் செலுத்தினால் இரும்பு(3) உண்டாகும். அங்கே உயிர்வளி எங்குளது? ஏறியது எது? நடந்தது ஓர் எதிர்மின்னியின் இழப்பே. அதனை மின்னியிழப்பு என்றும், எதிர்மாறாக நிகழ்வதை மின்னியேற்பு என்றும் வழங்கினால், சொல்லே பாடமாகிவிடும். இரும்பு(3) என்பதிலுள்ள மூன்று எதைக் குறிக்கின்றது என்று வினவினால், மின்னியிழப்பு நிலை மூன்று என்ற விடையிலேயே விளக்கமும் அடங்கும். ஆக்சிசனேற்ற நிலை மூன்று என்று படித்த மாணவன், மூன்று ஆக்சிசன் எங்கே என்று தேடுவது வியப்பன்று.

எண்ணுக்கும் எல்லை உண்டு

ஆயினும், எண் கொடுத்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று கொள்ளுதலும் தவறு. இழப்பு நிலை என்பது ஒரு கணக்கு. கூட்டுறவில் பொதுவாயிருக்கும் எதிர்மின்னிகளை இன்னார்க்கு என்று ஏட்டில் எழுதிவைக்கும் கணக்கு. சேலத்தை அடுத்த கஞ்சமலையிற் கிடைக்கும் காந்த இரும்புக் கல்லை நோக்குக. அதில் மூன்று இரும்புக்கு நான்கு உயிர்வளி. கணக்கிட்டால் ஓர் இரும்பின் நிலை எட்டை மூன்றாற் பங்கிட்ட பின்னமாக, இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரும். அப்படி ஓர் அணுவும் உலகில் இல்லை. மூன்று இரும்பில் ஒன்று இரும்பு(2), இரண்டு இரும்பு(3) என்பதே உண்மை. பின்னம் சராசரி மட்டுமே.

இரும்பு ஆறாம் நிலையிலும் உண்டு. ஓர் இரும்பு நான்கு உயிர்வளிகளோடு சேர்ந்த செவ்வூதா நிறச் சேர்மங்களில் அதனைக் காணலாம். அங்கே இரும்பு ஆறு எதிர்மின்னிகளை அறவே துறந்துவிட்டது என்று கொள்ளலாகாது. உயிர்வளியோடு அவற்றைப் பங்கிட்டுக்கொண்டுள்ளது. பெயர் கணக்கைக் காட்டும். கணக்கின் எல்லையை ஆசிரியர்தாம் காட்டுதல் வேண்டும்.

செய்யத்தக்கது

கல்லூரிக்குச் சென்றால் பழைய பெயர்கள்தாமே எதிர்ப்படும், மருந்துறையிலும் அவைதாமே உள்ளன என்பார் உளர். உண்மை, ஆதலின் அவற்றையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆனால், பழம்பெயரை அறிமுகப்படுத்துவது வேறு. அதன் வழியாகவே பொருளைப் புகட்ட முயல்வது வேறு. செருமன் மாணவன் இரும்பைத் தன் மொழிப் பெயராகிய ஐசன் என்றே சொல்லி எண்ணை அடுத்து எழுதுகின்றான்; நீரகத்தை நீர்ப்பொருள் என்னும் பொருள்படும் தன் தாய்மொழிச் சொல்லாலேயே வழங்குகின்றான். அதனால் அவன் வேதியியலிற் பின்தங்கிவிட்டானா? தனிமங்களின் குறியீடுகளும் எண்களும் உலகுக்குப் பொது. விளக்கும் மொழி அவரவர்க்கு உரியது.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அடிகுழாய் நீரையும் அன்னபேதியையும் வகுப்பிற்குக் கொணர்ந்து, நிறமாற்றத்தைக் கண்ணாற் காட்டிய பின் கணக்கைத் தொடங்குக. இரண்டாவது, இரும்பு(2), இரும்பு(3) என்று எண்ணால் பெயர் வழங்குக. பழைய ஈறுகளைப் பின்னர்க் கூறுக. மூன்றாவது, நான்காம் கூட்டின் எதிர்மின்னிகள் முதலிற் செல்வதன் கரணியத்தைச் சொல்லாமல் அதை எழுதுமாறு எம் மாணவரையும் பணிக்காதிருக்க.

இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பொருட்செலவும் இல்லை. அன்னபேதித் துண்டு ஒன்றும், கடுக்காய் ஒன்றும், தமிழில் விளக்கும் உறுதியும் போதும். தான் விழுங்கும் மாத்திரையில் உள்ளது எந்த இரும்பு, அது ஏன் அந்த இரும்பாக இருக்க வேண்டும் என்று தன் தாய்க்குத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் மாணவி ஒருத்தி உருவாகிவிட்டால், அவ்வகுப்பு வென்றது.